புடலங்காய்க்குக் கட்டிய கல்

மூட்டைக்காரத் தெருவில் புடலங்காய் வானத்தைப் பார்த்துக் காய்த்த வருஷம் எது என்று கேட்டால், என் வீட்டுக்காரர் சங்கிலி சீனி மூட்டையோடு பலகையிலிருந்து விழுந்த வருஷம் என்று ஆண்கள் சொல்வார்கள், எதிர்வீட்டுக் குருவம்மா அக்கா முருங்கை மரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்த வருஷம் என்று பெண்கள் சொல்வார்கள், நான் மட்டும் எங்கள் கொல்லையில் முதன்முதலாக மண்ணைக் கொத்திய வருஷம் என்று சொல்வேன், மூன்றும் ஒரே வருஷம்தான்.

எங்கள் தெரு சந்தையின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே பிறக்கிற ஆண்பிள்ளைகள் வளர்ந்து, தலையில் சும்மாடும் தோளில் கொக்கியுமாகச் சந்தைக்குப் போவார்கள், லாரியிலிருந்து மண்டிக்கும் மண்டியிலிருந்து லாரிக்கும் ஊர் தின்கிற அத்தனையையும் முதுகில் சுமப்பார்கள், சாயங்காலம் திரும்பும்போது கிழிந்த சாக்கிலிருந்து சிந்திய கத்தரிக்காயையும் நசுங்கிய தக்காளியையும் துண்டில் முடிந்து கொண்டுவருவார்கள். காய் என்பது சாயங்காலம் துண்டில் வருவது, மண்ணில் வருவதில்லை என்றுதான் எங்கள் தெருப் பெண்கள் இருந்தோம். ஒரு வீட்டிலும் ஒரு செடி கிடையாது. தானாக முளைத்த முருங்கையைத் தவிர மரமும் கிடையாது. கொல்லை எதற்கு என்றால் பாத்திரம் கழுவ, துணி துவைக்க, உடைந்த ஓட்டைக் கொட்ட, பக்கத்து வீட்டோடு சண்டை போட.

அந்தச் சித்திரையில் கோடை மழை பெய்து, லாரிக்குச் சாய்த்த பலகை வழுக்கி, அவர் கீழேயும் சீனி மூட்டை மேலேயுமாக விழுந்தார். இடுப்பெலும்பு விட்டுப்போயிற்று. ஆனி பிறந்தபோது டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு கூடிருச்சும்மா, இனி கால்ல எடையைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், படுத்தே கிடந்தா இடுப்பு நிக்கிறதையே மறந்துரும்" என்றார். மூட்டைக்காரர் சங்கத் தலைவர் ஒச்சப்பனும் இன்னொரு ஆளும் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினார்கள். கையை விட்டதும் அவர் ஈரச் சாக்கு மடங்குவதுபோல மடங்கிக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஊரான் மூட்டையெல்லாம் தூக்குன பய நான். என் ஒடம்ப எனக்குத் தூக்க முடியலையே ஒச்சு."

"தூக்கிருவண்ணே," என்றார் ஒச்சப்பன். சொல்லும்போது அவரைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அங்கே பார்ப்பதற்கு இருந்தது உடைந்த ஓடும் ஒரு எருக்கஞ்செடியும்தான். நான் கவலைப்படுகிறவள். பூட்டிய பூட்டைத் திரும்பவும் இழுத்துப் பார்க்கிறவள். அடுப்பில் பால் வைத்தால் அதன் முன்னாலேயே கையில் தண்ணீரோடு நிற்கிறவள். பொங்கலன்று பானை பொங்கி வரும்போதுகூட என் கை தானாகத் தண்ணீரைத் தெளித்துவிடும், தெருவே தலையில் அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவளுக்கு, ஒரு ஆள் எருக்கஞ்செடியையே பார்த்துக்கொண்டு கிடந்தால் எப்படி இருக்கும்?

"இந்தா, பாக்கியம்," என்றார் ஒருநாள். "பாக்குறதுக்கு எதையாவது நட்டு வையேன். காயும் வரமாட்டேங்குது வீட்டுக்கு."

"எனக்கு என்ன தெரியும் நடுறதைப் பத்தி?"

"எனக்கு மட்டும் தெரியுமா? சாக்குல போட்டுக் கட்டியிருந்தா தெரியும். மண்ணுல எப்படி இருக்கும்னு பாப்போமே."

ஆடி பிறந்ததும் உடைந்த ஓடுகளையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். கத்தரி, வெண்டை, தக்காளி, தண்டங்கீரை என்று சந்தையில் கிடைத்த விதையெல்லாம் வாங்கி விதைத்தேன். விதைத்துவிட்டு வந்து சோறு வடித்தேன், வடிக்கும்போது விதை முளைத்திருக்குமா என்று கவலை வந்தது, போய்த் தோண்டிப் பார்த்தேன். முளைக்கவில்லை. மூடிவிட்டு வந்தேன். மறுநாளும் தோண்டிப் பார்த்தேன். அதற்கு மறுநாளும். தண்ணீர் போதாதோ என்று ஊற்றினேன், கூடிப்போச்சோ என்று சாம்பலைக் கொட்டினேன், கோழி கிளறுமோ என்று சேலையைப் போட்டு மூடினேன், மூச்சு முட்டுமோ என்று எடுத்துவிட்டேன்.

"அடியே, அது வெதையா, களவு போன நகையா?" என்று கட்டிலிலிருந்து சிரித்தார் அவர். விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

எதுவும் முளைக்கவில்லை. எப்படி முளைக்கும்? குருவம்மா அக்கா அவள் தம்பி ஊரிலிருந்து கொண்டுவந்த புடலை விதையைக் காகிதத்தில் மடித்துத் தந்திருந்தாள். அதைத் துவைக்கிற கல்லின் ஓரம் ஊன்றிவிட்டு, மற்றதைப் பற்றிய கவலையில் சுத்தமாக மறந்துபோனேன். அது ஒன்றுதான் முளைத்தது. துவைத்த தண்ணீரைக் குடித்து, யாரும் தோண்டிப் பார்க்காமல், இரண்டு இலை விட்டு, நான்கு இலை விட்டு, ஒரு காலையில் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

"பாரு, அது நிக்குது," என்றார் அவர்.

ஒச்சப்பன் ஆட்களோடு வந்து சந்தையிலிருந்த பழைய மூங்கிலை ஊன்றிச் சாக்குக் கயிற்றால் பந்தல் போட்டுக் கொடுத்தார். கொடி ஏறியது. சாயங்காலம் ஆனால், நுனியெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூவை விரிக்கும். தெருப் பெண்கள் அதைப் பார்ப்பதற்கென்றே பாத்திரம் தேய்க்கிற நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். பிஞ்சு விட்டதும் குருவம்மா அக்கா சட்டம் சொன்னாள்: யாரும் சுட்டுவிரலை நீட்டிப் பிஞ்சைக் காட்டக்கூடாது, காட்டினால் அழுகும், தெரியாமல் காட்டிவிட்டால் விரலை மடக்கிக் கடித்துக்கொள்ள வேண்டும். "அப்புறம், நுனியில கல்லைக் கட்டணும் பாக்கியம். இல்லைன்னா புடலங்காய் பாம்பாட்டம் சுருண்டுக்கிரும்."

எல்லாப் பிஞ்சுக்கும் சின்னச் சின்னக் கல்லாகக் கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் பிஞ்செல்லாம் பந்தலுக்கு மேலே நின்றன. நுனி வானத்தைப் பார்த்திருக்க, கட்டிய கல் நூலோடு மேலேறித் தோள்பை மாதிரிப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பெரிய கல்லாகப் பார்த்து மாற்றினேன். அதையும் தூக்கிக்கொண்டு போயின.

குருவம்மா அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "ஒன் காய்க்குத் திமிருடி" என்றாள்.

"அக்கா, இப்படிக் காய்க்குமா?"

"எங்க தம்பி ஊர்ல கீழ பாத்துத்தான் காய்க்கும். இங்க மேல பாக்குது. மண்ணுக்கு மண்ணு மாறும்ல."

இந்தத் தெரு எத்தனை தலைமுறையாகச் சுமந்த சுமைக்கு மண் கணக்குத் தீர்க்கிறது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னாராம். துவைக்கிற கல்லில் தெருவே அடித்த அழுக்கு உரம் என்று இன்னொருவர் சொன்னாராம். அதோடு காரணம் தேடுவதை விட்டுவிட்டார்கள். காய்த்தது காய்த்துவிட்டது, முற்றுவதற்குள் பறிக்க வேண்டும், அதுதானே காரியம்.

முதல் காயைப் பறித்தபோது கையை மேலே இழுத்தது. அரிவாள்மனையில் நறுக்கின துண்டு உத்தரத்துக்குப் போய்விடாமல் ஒரு கையால் மூடிக்கொண்டே நறுக்கினேன், பாசிப்பருப்பை நிறையப் போட்டு அமுக்கிக் கூட்டு வைத்தேன், மூடிமேல் உலக்கையைச் சாய்த்தேன். ராத்திரிச் சோற்றுக்கு அவருக்கு மட்டும் போட்டேன். நான் தொடவில்லை. ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

விடிந்து கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், கட்டிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போர்வையோடு அவர் மிதந்துகொண்டிருந்தார்.

"பாக்கியம்," என்றார் மெல்ல, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பேசுகிறவர்போல. "இடுப்பு வலிக்கல."

நான் பாய்ந்துபோய் அவர் அரைஞாண் கயிற்றைப் பிடித்தேன். கதவு திறந்திருக்கிறது, வெளியே காற்றடிக்கிறது, அதற்கப்பால் வானம், அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எந்தப் பொம்பளைக்குத் தெரியும்? பிடித்த பிடியை விடாமல் அவரை அடுப்படிவரை இழுத்துக்கொண்டு போனேன், அம்மிக்குழவியை எடுத்து அரைஞாண் கயிற்றில் கட்டினேன். அவர் கால் தரையில் பட்டது. பட்டதும், சித்திரைக்குப் பிறகு முதன்முதலாக, யாரும் பிடிக்காமல் என் வீட்டுக்காரர் நின்றார்.

நின்றார், அவ்வளவுதான். குழவி இழுத்த இழுப்பில் நடக்க முடியவில்லை. அடுப்படியிலேயே வைத்த சாமான் மாதிரி நின்றார்.

செய்தி தெருவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள், ஒவ்வொரு காயாக வாங்கிக்கொண்டு போனார்கள், பறிக்கப் பறிக்கக் கொடி காய்த்துக்கொண்டே இருந்தது. மறுநாளே சந்தையில் குழப்பம் வந்தது. ஒச்சப்பன் வெங்காய மூட்டையைத் தூக்கக் குனிந்திருக்கிறார், மூட்டை இருந்த இடத்தில் இருக்க, அவர் கால் இரண்டும் மேலே போய், மூட்டையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நின்றிருக்கிறார்.

"சுமையைத் தூக்குறதுக்கு நமக்கும் ஒரு சுமை வேணும்போலண்ணே," என்று வந்து சொன்னார். "இல்லைன்னா கால் பாவ மாட்டேங்குது."

சங்கத்தில் கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள்: வேலைநாளில் யாரும் இந்தப் புடலங்காயைத் தின்னக்கூடாது, சனிக்கிழமை ராத்திரி தின்னலாம், ஞாயிற்றுக்கிழமை சந்தை லீவு, மறுநாளைக்குள் எடை திரும்பிவிடும். அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால், வாரமெல்லாம் மூட்டைக்குக் கீழே இருந்த ஆண்கள் ஓட்டுக்கு மேலே படுத்துச் சீட்டாடினார்கள். பெண்கள் முந்தானையில் கூழாங்கல்லை முடிந்துகொண்டு கடைக்குப் போனார்கள். கைப்பிள்ளைகளைத் தூளியில் போட்டு வாய்க் கயிற்றைச் சுருக்கிக் கட்டினோம். டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் ஸ்டாப் வந்ததும் "மூட்டைக்காரத் தெரு ஆளுக கம்பியப் பிடிச்சுக்கங்க, கூரையில முட்டிட்டு என்கிட்ட வரக்கூடாது" என்று சொல்லப் பழகிக்கொண்டார். முழங்கால் தேய்ந்து படியேற முடியாமலிருந்த குருவம்மா அக்கா, படியே இல்லாத இடத்திலெல்லாம் ஏறினாள்.

வெல்லமண்டிக்காரர் காசிராஜன் தன் எடைக்கு எடை வெல்லம் தருவதாக மலைக்கோயிலுக்கு நேர்ந்திருந்தார். கனத்த உடம்பு. துலாபாரத்துக்கு முதல்நாள் ஆள்விட்டு எங்கள் வீட்டிலிருந்து நீளமான காயாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மலையடிவாரத்தில் அவரைத் தட்டில் உட்காரவைத்தால், எதிர்த்தட்டில் ஒன்றுமே வைக்காதபோதே அவர் தட்டு விறுவிறுவென்று மேலேறித் தராசுக் கம்பியில் போய் இடித்தது. கீழே இறக்குவதற்கு அவர் மடியில் வெல்லத்தை வைத்தார்கள், தோளில் வைத்தார்கள், தலையில் வைத்தார்கள், வைத்துக்கொண்டே இருந்தார்கள். முள் நடுவில் வந்து நின்றதும் பூசாரி, "அவ்வளவும் சாமிக்கு" என்றார். "அது என் தட்டுல இருந்ததுல்ல?" என்று காசிராஜன் கத்தினார். "எந்தத் தட்டுன்னு நீங்க நேரும்போது சொல்லலையே மொதலாளி" என்றார் பூசாரி. அந்த வெல்லத்தை மலையேற்றியது எங்கள் தெரு ஆட்கள்தான், சிரிப்பில் இரண்டு தடவை இறக்கி வைத்தார்களாம்.

ஊர் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை. அவர் தினமும் ராத்திரி புடலங்காய் சாப்பிட்டார், தினமும் காலையில் நான் குழவியைக் கட்டினேன், அவர் தினமும் கேட்டார்.

"கொஞ்சம் சின்னக் கல்லாக் கட்டேன் பாக்கியம். கொல்லைவரைக்கும் போய்ட்டு வந்துருவேன்."

"காத்து அடிக்குது."

"ஐப்பசின்னா காத்து அடிக்கத்தான் செய்யும்."

"அதான் சொல்றேன்."

"அப்ப என்னை எதுக்கு நிக்க வச்ச? கட்டில்லயே கிடந்திருப்பேன்ல?"

கோபத்தோடு கொல்லைக்குப் போனேன். பந்தலில் ஒரு பிஞ்சு மற்றதைவிட வேகமாக மேலே போய்க்கொண்டிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று ஒரு செங்கலை எடுத்து அதன் நுனியில் இறுகக் கட்டினேன். பிஞ்சு வளைந்தது, நடுங்கியது, காம்பு பட்டென்று ஒடிந்தது. அதே இழுப்பில் நுனியும் கிழிந்து, செங்கல் என் கால்மாட்டில் விழுந்தது. பிஞ்சு மூங்கிலைத் தாண்டி, முருங்கையைத் தாண்டி, பச்சையாக, பிறகு கோடாக, பிறகு கண்ணில் நீராக மட்டும் தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டது. காய் போய்விட்டது, கல் என்னிடம் இருந்தது.

ரொம்ப நேரம் அந்தச் செங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய்க் குழவியை அவிழ்த்தேன். ஒச்சப்பனிடம் சொல்லி மண்டியில் தேய்ந்துபோன பழைய இரும்பு எடைக்கல் ஒன்றை வாங்கிவந்து அதற்குப் பதிலாகக் கட்டினேன். அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அடுத்த அடிக்குத் தரை கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. கொல்லைக்குப் போனார். எருக்கஞ்செடியின் முன்னால் நின்று, "என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா?" என்று கேட்டார்.

அந்த வாரமே சந்தைக்குப் போக வேண்டும் என்றார். தனியாக விடுவேனா? அவர் அரைஞாண் கயிற்றில் என் முந்தானையை முடிந்துகொண்டு கூடவே போனேன். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"மதினி, பட்டம் விடப் போறீகளா? நூலு போதுமா?" என்றார் ஒச்சப்பன்.

"சிரிங்க தம்பி, சிரிங்க. ஒங்க வீட்டுல கட்டிப்போட ஆளில்லாமத்தான சங்கத்துல கெடக்கீக."

என் வீட்டுக்காரர் தான் விழுந்த இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார். திரும்பும்போது துண்டில் நாலு கத்தரிக்காய் முடிந்திருந்தது.

கார்த்திகையில்தான் குருவம்மா அக்கா முருங்கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தானைக் கல்லைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தவளை ஒரு காற்று வந்து தூக்கிக்கொண்டு போய், முருங்கை மரத்தின் உச்சியில் வைத்தது. முருங்கைக் கொம்பு காக்கை உட்கார்ந்தாலே ஒடியும், அவள் உட்கார்ந்தும் ஒரு இலை அசையவில்லை. ஏணி தேடி ஆட்கள் நாலு பக்கமும் ஓட, அவள் மேலிருந்து, "அவசரமில்லப்பா, சந்தைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம்வரைக்கும் தெரியுது, எவளாவது ஒரு காப்பியைக் கட்டி அனுப்புங்க" என்றாள். தூக்குவாளியில் காப்பி போனது. குடித்துவிட்டு மத்தியானம் எடை திரும்பத் தொடங்கியதும் கிளை கிளையாகத் தானே இறங்கிவந்தாள், கொஞ்சம் முருங்கைக்கீரையும் பறித்துக்கொண்டு.

தெருவுக்கு அது வேடிக்கை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் எடைக்கல்லோடு இன்னொரு எடைக்கல்லையும் சேர்த்துக் கட்டினேன். சின்னதாக்கச் சொல்லிச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கல்லையும் ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார், கொல்லைப் பக்கம் நடந்தார். அன்றுமுதல் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்கழிப் பனியில் கொடி பழுத்தது. இலை மஞ்சளாகி, காய் குறைந்து, விதைக்கு விட்டிருந்த ஒரு காய் செக்கச்செவேலென்று பழுத்து வெடித்தது. விதைகள் கீழே விழவில்லை, ஒவ்வொன்றாக மேலே போய்க் காற்றில் பிரிந்து யார் யார் கொல்லைக்கோ போயின. அவர் நடை கனத்துவந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். ஈரமண்ணில் அவர் காலடி ஆழமாகப் பதிந்தது, கொல்லைக்குப் போய்வந்தால் மூச்சு வாங்கியது. கொடி காய்கிறது, காயில் சத்து இல்லை, அதுதான் என்று நினைத்தேன். கொடி முழுக்கக் காய்ந்துவிட்டால் என்ன ஆகும்? மறுபடியும் கட்டிலா? மறுபடியும் எருக்கஞ்செடியா? பந்தலில் மிஞ்சியது கடைசியாக ஒரே ஒரு இளங்காய். அதை யாருக்கும் தராமல், நாளும் போய்த் தொட்டுப் பார்த்து, அவருக்கென்று காத்தேன்.

போகியன்று வீடு சுத்தம் செய்ய ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்கு மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தவள், பல்லி கூட்டமாகச் செத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கத்திவிட்டேன். குச்சியால் தட்டினேன். விழவில்லை. முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். பல்லி இல்லை. புடலங்காய்த் துண்டுகள். வெந்து, பருப்பெல்லாம் வழித்து எடுக்கப்பட்டு, மேலே போய் ஓட்டில் ஒட்டிக் கறுத்துக் காய்ந்த துண்டுகள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து, பிறகு நெருங்கி, கட்டிலுக்கு நேர்மேலே ஓடு தெரியாத அளவுக்கு இருந்தன.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் இரண்டு எடைக்கல்லும் தொங்கின.

"எப்பயிருந்து?" என்று கேட்டேன்.

"மதினி முருங்கையில ஏறுனதுக்கு மறுநாள்லருந்து. நீ ரசம் எடுக்கப் போவல்ல, அப்ப ஒரு துண்ட விட்ருவேன். மொதல்ல ஒரு துண்டு. அப்புறம் ரெண்டு. டாக்டர் சொன்னார்ல, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்னு."

"இப்ப எம்புட்டுத் திங்கிறீக?"

"இப்பத் திங்கிறதே இல்லையே. பருப்பு மட்டும்தான்."

முக்காலியில் நின்றபடியே கணக்குப் போட்டேன். தின்னவே இல்லை என்றால், இந்த வீட்டில் இத்தனை நாளாக நடந்தது அவருடைய எடையேதான். அதற்கு மேல் அந்த இரண்டு இரும்புக் கல்லும்.

"அப்ப அந்தக் கல்லை எதுக்குச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சீக? கழட்டிப் போட வேண்டியதுதான?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அது கட்டியிருந்தா நீ தூங்குன. எனக்கென்ன, சுமக்குற தொழில்தான?"

இறங்கிவந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். என் கையால் போட்ட முடிச்சு, எனக்கே அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். இரண்டு கல்லையும் கொல்லையில் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார், சும்மா, எதையும் பிடிக்காமல்.

"அந்தக் கடைசிக் காயைப் பறி," என்றார்.

"ஒங்களுக்குத்தான் வேண்டாமே."

"ஒனக்கு."

"நான் பறந்து என்ன பண்ணப்போறேன்? நாளைக்குப் பொங்கல் வைக்கணும், பானை கழுவணும், கரும்பு வாங்கலை, மஞ்சக்கொத்து..."

"பறி பாக்கியம்."

அன்று ராத்திரி அவரே நறுக்கினார். இரண்டு துண்டு உத்தரத்துக்குப் போனது, மீதி எனக்கு வந்தது. தின்றேன். ருசி ஒன்றும் பெரிதாக இல்லை, புடலங்காய் புடலங்காய் மாதிரித்தான் இருந்தது.

பொங்கலன்று விடிந்து வாசலில் புதுப்பானை வைத்து, பாலை ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தேன். வழக்கம்போலக் கையில் தண்ணீர்ச் செம்போடு முன்னால் நின்றேன். நிற்கும்போதே கால் தரையை விட்டது. முதலில் ஒரு சாண், அப்புறம் ஒரு முழம். செம்பை நழுவவிட்டுவிட்டு, "ஏங்க, கல்லு, கல்லு" என்று கத்தினேன்.

"கல்லெல்லாம் எதுக்கு," என்று அவர் என் முந்தானையின் நுனியைப் பிடித்தார். இரண்டே விரலால் பிடித்திருந்தார். தெருவெல்லாம் பானையை விட்டுவிட்டு வந்து பார்த்தது. குருவம்மா அக்கா கையைத் தட்டிக்கொண்டு, "கொழுந்தனாரே, இன்னும் கொஞ்சம் விடும், அவ அந்தத் தண்டவாளத்தப் பாக்கட்டும்" என்றாள்.

அவர் விட்டுக் கொடுத்தார். எங்கள் ஓட்டுக்கு மேலே வந்தேன். இத்தனை வருஷம் இருந்த வீட்டின் கூரை எனக்குத் தெரியாது, ஒரு ஓடு உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். சந்தை தெரிந்தது, பூட்டிக் கிடந்தது. சந்தைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், வெயில் பட்டு இரண்டு கோடாகப் போனது. தெருவின் கொல்லைகள் வரிசையாகத் தெரிந்தன. எருக்கும் ஓடும் கிடந்த இடமெல்லாம் கொத்தியிருந்தார்கள், ஒரு வீட்டில் கத்தரி, ஒரு வீட்டில் அவரை, ஒச்சப்பன் வீட்டில் ஏதோ ஒன்று முளைத்திருந்தது, யாரும் தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். கீழே அவர் நின்றார், இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, மூட்டை வாங்க நிற்கிறவர் மாதிரி, அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது. எட்டிப் பார்த்தேன். நுரை பானை விளிம்புக்கு வந்துவிட்டது. என் கை தண்ணீரைத் தேடியது, கையில் ஒன்றும் இல்லை.

பொங்கட்டும் என்று இருந்துவிட்டேன்.